ஐஸ் கம்பெனியில் பெய்த பனி

ஐஸ் தண்ணீரில் ஊறிய உமிக்கு ஒரு வாசனை உண்டு. அரிசி மில்லுக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறுகிற உமி வாசனை வேறு, இது வேறு. கொஞ்சம் புளிப்பாக, கொஞ்சம் இரும்பாக, மூக்குக்குள் குளிர்ச்சியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இதற்கு மேல் அதை எப்படி எழுதிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள், எழுதுவதென்றால் கேட்கவே வேண்டாம். ஒன்றைச் சொல்லப்போய் இன்னொன்றுக்குத் தாவிவிடுவேன், முன்னால் நடந்தது பின்னால் வந்துவிடும், பாதி மறந்தும் போய்விட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வாசனை என் அப்பாவின் சட்டையில் இருந்தது. அப்பா பெயர் அந்தோணி. காரைக்காலில் ஆறு கடலில் கலக்கிற பக்கமாக அப்போது ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது, அதில் வேலை பார்த்தார். எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு எட்டு வயது இருக்கும். மீன் பிடிக்கப் போகிற விசைப்படகுகளுக்கு ஐஸ் போடுகிற கம்பெனி அது. நீளத் தகரப் பெட்டிகளில் தண்ணீரை ஊற்றி உறையவைத்து, என் உயரத்துக்குப் 'பாளம்' பாளமாக எடுத்து, உருகாமல் இருக்க உமியைக் கொட்டி மூடி வைப்பார்கள். படகுக்காரர்கள் வந்து கேட்டால், அப்பா ஒரு கொக்கியால் பாளத்தை இழுத்துவந்து தண்ணீர் ஊற்றி உமியைக் கழுவிவிட்டு, பல் வைத்த உருளை சுற்றுகிற மெஷினுக்குள் தள்ளுவார். அது கடகடவென்று மென்று அடியில் தூளாகக் கொட்டும். அந்தத் தூளைக் கூடை கூடையாகப் படகில் ஏற்றுவார்கள். இதெல்லாம் அப்பா சொல்லக் கேட்டதுதான். பெண் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். எங்கள் வீட்டில் நாங்கள் நாலும் பெண்கள், நான் மூன்றாவது.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் பிரான்சிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். பெரியப்பா அப்பாவுக்கு நேர் மூத்தவர். வயசுப் பையனாக இருக்கும்போதே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து போனவர், ஊரில் அவரைச் 'சொல்தா' வீட்டுக்காரர், அதாவது சிப்பாய் வீட்டுக்காரர், என்றுதான் சொல்வார்கள். தாத்தா ஆயா கல்லறைக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கிறிஸ்துமஸ் வரை இருந்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

வந்த மறுநாளே பெரியம்மா ஒரு கலர் போட்டோவைக் காட்டினார்கள். நாங்கள் நாலு பேரும் அதன் மேல் கவிழ்ந்து பார்த்தோம். அவர்கள் குடியிருக்கிற கட்டடத்தின் முன்னால் தரையெல்லாம் வெள்ளையாக இருந்தது, அதன் நடுவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் காதை மூடுகிற தொப்பி போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றார்கள், பக்கத்தில் வெள்ளையாக ஒரு குண்டு மனிதன்.

"ஏன் பெரியம்மா எல்லாரும் உப்பளத்துல நிக்கிறாங்க?" என்று நான்தான் கேட்டேன்.

பெரியப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. "உப்பு இல்லடி, அது பனி. அங்க அதுக்கு 'நேழ்'னு பேரு. வானத்துலேர்ந்து பஞ்சு மாதிரி கொட்டும். அன்னிக்கு இஸ்கோலு கெடையாது. புள்ளைங்கல்லாம் தெருவுல எறங்கி ஆடும்" என்றார்.

எங்களுக்குத் தெரிந்த பனி, மார்கழியில் வாழை இலையில் உட்கார்ந்திருக்கிற பனி. கோயில் குடிலில் பஞ்சைப் பிய்த்துப் போட்டு இதுதான் பனி என்பார்கள், அது எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. வானத்திலிருந்து கொட்டும், அன்றைக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது என்ற இரண்டையும் கேட்டதிலிருந்து எனக்கு ராத்தூக்கம் போயிற்று. அந்தப் போட்டோவைத் திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். பெரியம்மாவுக்கு அதில் ஒரு சந்தோஷம். "செசிலிக்குத்தான் அந்த ஊரு புடிச்சிருக்கு" என்று எல்லோரிடமும் சொன்னார்கள். நாலு பேரில் என் மேல் அவர்களுக்குப் பிரியம் விழுந்தது அப்படித்தான்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சாப்பிட்டு எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது பெரியப்பா அப்பாவிடம் கேட்டார். "அந்தோணி, ஒனக்கு நாலு இருக்கு. எங்களுக்கு ஒண்ணைக் குடு. செசிலிய நாங்க கூட்டிட்டுப் போறோம். படிக்க வச்சு, நல்லாப் பாத்துக்குறோம்."

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் இது நடக்காத காரியம் இல்லை. பிள்ளை இல்லாத அண்ணனுக்குத் தம்பி ஒரு பிள்ளையைக் கொடுப்பான். கொடுத்தவர்களும் வளர்ந்தவர்களும் நன்றாகத்தான் இருந்தார்கள். இன்னொன்று, அப்பா பெரியப்பா முன்னால் உட்காரக்கூட மாட்டார். நாற்காலி காலியாக இருந்தாலும் கதவில் சாய்ந்து நின்றுகொண்டுதான் பேசுவார். அண்ணன் கேட்டு இல்லை என்று சொல்வது அவரால் ஆகாது.

அம்மாதான் வாயைத் திறந்தார்கள். "ஒண்ணாவது இந்த அடுப்புலேர்ந்து தப்பிச்சுப் போவட்டும்ங்க" என்றார்கள்.

அப்பா கதவில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். பிறகு, "புள்ளையக் கேளுங்கண்ணே. அது வர்றேன்னா கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"சரி, கிறிஸ்துமஸ் பெருநாள் அன்னிக்கு எல்லார் முன்னாலயும் கேப்போம்" என்று பெரியப்பா முடித்துவிட்டார். எனக்கு அப்போதே கத்த வேண்டும்போல இருந்தது, வர்றேன் வர்றேன் என்று. பிரான்ஸ் என்றால் என்ன, அம்மா அப்பா இல்லாமல் இருப்பது என்றால் என்ன, ஒன்றும் தெரியாது. எனக்குப் பனி வேண்டும், அவ்வளவுதான். அன்றையிலிருந்து அக்காமார்களிடம் "நான் பனியில ஆடப்போறேன், நீங்கல்லாம் இங்கயே கெடங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பா காதிலும் அது விழுந்திருக்கும். விழாமல் எப்படி இருக்கும், ஒரே அறை வீடு.

பெரியம்மா எனக்கு ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை பின்னத் தொடங்கினார்கள். முதுகில் வைத்துவைத்து அளவு பார்ப்பார்கள். நல்ல மனுஷி, அவர்கள் கை பட்டால் எனக்குக் கூச்சமாகவும் இருக்கும், இன்னும் கொஞ்சம் வைத்திருக்கட்டும் என்றும் இருக்கும்.

இப்படி இருக்கும்போது மழை பிடித்தது. எங்கள் பக்கத்து ஐப்பசி கார்த்திகை மழை தெரிந்தவர்களுக்குத் தெரியும், சொல்லி மாளாது. புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள், யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கும் லீவு விட்டாயிற்று. அக்காமார்கள் இருவரும் போர்த்திக்கொண்டு படுத்துக் கிடந்தார்கள், தங்கை அம்மா மடியில் இருந்தாள். பெரியப்பாவும் பெரியம்மாவும் மழைக்கு முன்பே போலகத்தில் பெரியம்மாவின் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

காலையில் மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் அப்பா என்னைப் பார்த்து, "வாடி, போயிட்டு வருவோம்" என்றார்.

"எங்கங்க இந்த மழையில?" என்றார்கள் அம்மா.

"கம்பெனிக்குத்தான். பாளத்துக்குத் தண்ணி ஏறிருச்சான்னு பாக்கணும்."

"அதுக்கு இது எதுக்கு?"

"வந்துட்டுப் போவட்டுமே" என்று சொல்லிக்கொண்டே அப்பா ஒரு சாக்கைக் 'கொங்காணி'யாக மடித்து என் தலையில் கவிழ்த்துவிட்டு, சைக்கிள் பாரில் தூக்கி உட்காரவைத்தார். அம்மா ஏதோ சொல்வது காதில் விழுந்தது, நாங்கள் தெரு முனை தாண்டிவிட்டோம்.

போகிற வழியெல்லாம் தண்ணீர். ஆற்றில் படகுகள் ஒன்றோடு ஒன்று கட்டப்பட்டு இடித்துக்கொண்டு நின்றன. கிளிஞ்சல்மேட்டுப் படகுக்காரர்கள் சில பேர் ஒரு கொட்டகையில் உட்கார்ந்து சீட்டு ஆடினார்கள். அதில் ஒருவர், "என்னா அந்தோணி, மவளையும் ஐஸ் ஒடைக்கப் பழக்குறியா?" என்று கேட்டார். "ஆமா, நாளையிலேர்ந்து நான் படுத்துக்குவேன், அவ ஒடைப்பா" என்றார் அப்பா.

ஐஸ் கம்பெனிக்குள் நுழைந்ததும் எனக்குக் கண் தெரியவில்லை. ஒரே இருட்டு, ஈரம், கண்ணைக் கரிக்கிற ஒரு கேஸ் வாடை, அதற்குள் அப்பாவின் சட்டை வாசனை. சட்டையில் கொஞ்சமாக இருந்தது இங்கே முழுசாக இருக்கிறதே என்று நினைத்தேன். முதலாளி மரைக்காயர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, கைலி, தோளில் ஒரு துண்டு.

"என்ன அந்தோணி, புள்ளைய மழையில இழுத்துட்டு வந்திருக்கே?" என்றார்.

அப்பா அவர் பக்கத்தில் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. மரைக்காயர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "இவதானா அது?" என்றார். என் தலையில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து உதறி ஓரமாகப் போட்டார். பிறகு, "ஓட்டு ஓட்டு, கரண்டு இருக்கறப்பவே ஓட்டிரு. புள்ளைக்குச் சளி புடிக்காமப் பாத்துக்க, அவ உம்மாகிட்ட நான் ஏச்சு வாங்க முடியாது" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்பா அந்த மெஷினை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். மீன் கவிச்சி போக வேண்டும் என்று தென்னந்துடைப்பத்தால் பல்லுப்பல்லாகத் தேய்த்தார். தரையில் படுதாவை விரித்து அதையும் கழுவினார். "நகந்து நில்லு, கைய நீட்டிராத" என்று என்னைச் சுவர் ஓரமாக நிற்கவைத்துவிட்டுப் பாளத்தை இழுத்துத் தள்ளினார். எனக்கு அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அடியிலிருந்து வெள்ளையாக, புகை மாதிரி ஆவி விட்டுக்கொண்டு, கொட்டு கொட்டென்று கொட்டிற்று. ஒரு பாளம் முடிந்து இன்னொன்று, அது முடிந்து இன்னொன்று. என் இடுப்பு உயரத்துக்குக் குவிந்துவிட்டது.

மெஷினை நிறுத்திவிட்டு அப்பா சொன்னார், "எறங்கு. இதான் பனி."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். மறுபடி வைத்தேன். கால் அடியில் நறுக் நறுக் என்று ஒரு சத்தம், உப்பு மாதிரியும் இல்லை, மணல் மாதிரியும் இல்லை. கையில் அள்ளினேன், வாயில் போட்டேன், தலையில் போட்டுக்கொண்டேன். அப்பா ஒரு தட்டுக்கூடையில் அள்ளி மேலே வீசினார். அது தகரக் கூரைவரை போய்ப் பிரிந்து என் மேல் விழுந்தது. "வானத்துலேர்ந்து வருதா, வருதா?" என்று கேட்டுக் கேட்டு வீசினார். நான் வாயைத் திறந்துகொண்டு சுற்றிச் சுற்றி ஓடினேன். என் அப்பா அப்படிக் குதித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கொக்கியும் பாளமுமாக முதுகு வளைந்துதான் பார்த்திருக்கிறேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தூளை உருட்டி என் மேல் எறிவார், நான் எறிந்தால் பட்டுவிட்டதுபோலச் சுவரில் சாய்ந்து விழுவார்.

போட்டோவில் இருக்கிற மாதிரி ஆள் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இருவரும் சேர்ந்து தூளைக் குவித்துத் தட்டித் தட்டி ஒரு ஆளை நிறுத்தினோம். கண்ணுக்கு அடுப்புக்கரி. தொப்பிக்கு என்ன செய்வது? தண்ணீர் மொள்ளுகிற சிவப்புப் பிளாஸ்டிக் குவளையை அப்பா அதன் தலையில் கவிழ்த்தார். கவிழ்த்துவிட்டுப் பார்த்தால் அசல் எங்கள் ஊர்ப் போலீஸ்காரர். அவர்களுக்குத்தானே பிரெஞ்சுக்காரன் காலத்துச் சிவப்புத் தொப்பி. அப்பா உடனே விறைப்பாக நின்று நெற்றியில் கை வைத்தார். "ஐயா, சைக்கிள்ல லைட்டு இல்லீங்க. சின்னப் புள்ளைய முன்னாடி வச்சு ஓட்டிட்டு வந்ததும் தப்புதாங்க. இந்த ஒரு தடவை வுட்ருங்க" என்றார். நான் சிரித்துச் சிரித்துப் படுதாவில் உருண்டேன். "அவரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாருப்பா" என்றேன். "லஞ்சம் கேக்குறாரு" என்று அதன் வாயில் ஒரு பீடியைச் செருகினார் அப்பா.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று என் விரல்கள் வலிக்கத் தொடங்கின. முதலில் குத்தல், பிறகு நெருப்பில் வைத்தது போல. கால் விரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய் மோட்டார் ஓடுகிற அறையில் உட்காரவைத்தார். அந்த அறை மட்டும் அடுப்படிபோலச் சூடாக இருக்கும். தன் துண்டால் துவட்டி, என் இரண்டு கையையும் தன் கக்கத்துக்குள் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் தடித்து வெடித்து, மரப்பட்டைபோல இருக்கும். அவருக்குக் குளிரே தெரியாது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"புடிச்சிருந்துச்சா?" என்று கேட்டார்.

"புடிச்சிருந்துச்சு."

"இன்னும் கொஞ்சம் ஆடுறியா?"

"போதும்ப்பா."

அப்பா தலையை ஆட்டினார். போகாதே என்று சொல்லவில்லை, அங்கே குளிரும் என்றும் சொல்லவில்லை. நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்காமார்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு தூக்கு நிறைய அள்ளிக்கொண்டேன். மூடியைச் சுற்றி உமி வைத்துக் கட்டிக் கொடுத்தார் அப்பா. மறுபடி மழை பிடித்து, ஒதுங்கி ஒதுங்கி வீடு வந்து சேர்ந்து திறந்தபோது உள்ளே தண்ணீரும் கொஞ்சம் உமியும்தான் இருந்தது. "இதா ஒன் பனி?" என்று பெரிய அக்கா அதைக் கோழிக்கு ஊற்றினாள். அம்மா என் ஈரப் பாவாடையைப் பார்த்தார்கள், அப்பாவைப் பார்த்தார்கள். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். சிவப்புச் சட்டை பின்னி முடித்து ஒரு தாளில் சுற்றித் தயாராக இருந்தது. பெரியப்பா, "செசிலி, எங்ககூட பிரான்சுக்கு வர்றியா?" என்று கேட்டார். பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குடிலைப் பார்த்தேன். அதில் பஞ்சுப் பனி இருந்தது. எனக்கு விரல் வலித்தது ஞாபகம் வந்தது, என் கையை அப்பா தன் கக்கத்தில் வைத்துக்கொண்டதும் வந்தது.

"நான் பனி பாத்துட்டேன் பெரியம்மா" என்றேன். "அப்பா காட்டுச்சு. போதும்."

பெரியம்மா முதலில் சிரித்தார்கள். "பாத்துட்டாளாமே, எங்கடி பாத்தே?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர்கள் குரல் மாறிவிட்டது. பெரியப்பா அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். "சரி, வுடு. புள்ள சொல்லிருச்சுல்ல" என்று பெரியப்பா அந்தப் பேச்சை அதோடு விட்டார். சட்டையை மட்டும் பெரியம்மா எனக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள். நம் ஊர் வெயிலில் அதை எப்போது போடுவது? தங்கைக்குக் காய்ச்சல் வந்தால் போர்த்துவோம்.

அம்மா அதை மறக்கவே இல்லை. ஐந்தாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோது சொன்னார்கள், எனக்குக் கல்யாணம் ஆகி நான் கஷ்டப்பட்டபோது சொன்னார்கள். "ஐஸைக் காட்டிப் புள்ள வாழ்க்கைய ஐஸாவே கரைச்சுட்டீங்க." அப்பா ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொல்வார்: "மழை நாளு. போட்டுக்குப் போவாத ஐஸு சும்மா கெடந்துச்சு. புள்ள வெளயாண்டுச்சு. அதுல என்ன?" அம்மா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. போயிருந்தால் நான் படித்திருப்பேன், இந்தக் கட்டுரையை இன்னும் நன்றாக எழுதியிருப்பேன், ஒருவேளை தமிழில் எழுதத் தெரியாமலும் இருந்திருப்பேன். போகாததற்கு நான் வருத்தப்பட்ட நாளும் உண்டு, படாத நாளும் உண்டு. அதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

இப்போது பெரியப்பா பெரியம்மா இல்லை, மரைக்காயர் இல்லை, அப்பாவும் அம்மாவும் இல்லை. ஐஸ் கம்பெனி முன்பே மூடிப்போய், மிச்சமிருந்த சுவரும் சுனாமியில் போயிற்று. இப்போது ஐஸ் வேறு இடத்திலிருந்து லாரியில் வருகிறது, உமி போட்டு மூடுகிறவர்களும் இல்லை. பனியை நான் பிறகு நேரில் பார்க்கவில்லை. செல்போனில் யாராவது காட்டுகிறார்கள். அதில் அந்த நறுக் சத்தம் கேட்பதில்லை.

போன மாதம் என் மருமகனிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் மீன் ஏற்றுகிற லாரி ஓட்டுகிறவர், ஐஸ் விஷயம் தெரிந்தவர். அவர் கேட்டார், "அது எப்படி அத்தே? படகு வந்து நின்னாத்தானே அரைப்பாங்க. அரைச்சுட்டா ஒடனே ஏத்தணும், இல்லைன்னா கரைஞ்சு கட்டி தட்டிப் போவும். முழுப் பாளமா உமியில கெடந்தா எத்தனை நாளானாலும் கெடக்குமே. கடலுக்குப் போவாத நாள்ல எவன் மெஷினை ஓட்டுவான்?"

ஆகவே இதைப் படிக்கிறவர்களில் அந்தக் காலத்தில் எங்கள் ஊர் ஐஸ் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களோ அவர்கள் பிள்ளைகளோ இருந்தால் ஒன்று சரிபார்த்துச் சொல்ல வேண்டும். மற்றதில் ஏதாவது நான் தப்பாக எழுதியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், மாதமும் மழையும் முன்னே பின்னே இருக்கலாம். இதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்: புயல் கூண்டு ஏற்றி, படகெல்லாம் கட்டிக் கிடக்கிற நாளில் அந்த மெஷினை ஓட்டுகிற வழக்கம் உண்டா? உண்டென்றால் அப்பா சொன்னபடி அது சும்மா கிடந்த ஐஸ்தான். இல்லையென்றால், அப்பா எனக்காகவே அதை ஓட்டினார், அம்மாவிடம் அத்தனை வருஷமாகச் சொன்னது பொய் என்று எனக்குத் தெரிந்துவிடும். அது தெரிந்தால் எனக்கு நன்றாக இருக்கும்.